எந்த ஆன்லைன் கேம் ஆடலாம்? ராயகிரியில் இருக்கும் நண்பரிடம் கேளுங்கள்

ஒரே வகுப்பில் படித்த மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை. இன்னொருவர் துபாயில். மூன்றாமவர் சங்கரன்கோவில் பக்கம் ராயகிரியிலேயே அப்பாவின் உரக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, ஆனால் அதில் மீம்ஸும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் ஓடுகின்றன. ஒருநாள் ராத்திரி சென்னைக்காரர் ஆரம்பிக்கிறார்: "எல, எத்தன நாளைக்குத்தான் மீம் போட்டுக்கிட்டே இருக்க? மூணு பேரும் சேர்ந்து ஏதாவது ஒரு கேம் ஆடுவோம்."

பப்ஜி மாதிரி அரை மணி நேரத்தில் முடிகிற ஆட்டம் வேண்டாம். நாம் தூங்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் பெரிய உலகம், அதில் ஆளுக்கொரு கேரக்டர், லெவல், கில்டு, சந்தை, சண்டை. அதாவது எம்எம்ஓஆர்பிஜி. சென்னைக்காரர் தன் கேமிங் லேப்டாப்பில் ஏற்கெனவே ஆடிப் பார்த்த 'ஃபைனல் ஃபேன்டஸி 14' லிங்க்கைப் போடுகிறார். துபாய்க்காரர் "சூப்பர்" என்கிறார். ராயகிரிக்காரர் ஒரு கட்டைவிரல் எமோஜி போடுகிறார். அதோடு சரி, அவர் இன்ஸ்டால் செய்யப்போவதில்லை.

ஏன்? அந்த கேமுக்கு அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்படும் இடத் தேவையே 140 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி பேக்கில் இறக்கினால் 70 நாள். அதுவும் அவரிடம் கம்ப்யூட்டர் இருந்தால். இருப்பதோ கடைக் கணக்கு, ஜிபே, யூடியூப் எல்லாவற்றையும் சுமக்கும் ஒரு பட்ஜெட் போன். "என்னால முடியாதுடே" என்று குரூப்பில் சொல்லக் கூச்சம். அதனால்தான் அந்தக் கட்டைவிரல்.

'டாப் 10 எம்எம்ஓ' வீடியோக்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அவை கிராஃபிக்ஸைப் பார்க்கும், கதையைப் பார்க்கும், எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று பார்க்கும். நண்பர்களோடு ஆடுவதற்காகத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு. குழுவிலேயே சுமாரான போனும் சுமாரான நெட்டும் யாரிடம் இருக்கின்றன? அவரிடம் ஓடாத கேம், எவ்வளவு நல்ல கேமாக இருந்தாலும், இந்தக் குழுவுக்கான கேம் இல்லை. நல்ல லேப்டாப் வைத்திருப்பவரால் எளிய கேமுக்கு இறங்கி வர முடியும். பட்ஜெட் போன் வைத்திருப்பவரால் மேலே ஏற முடியாது.

ராயகிரியில் இருந்து சர்வர் எவ்வளவு தூரம்?

ஆன்லைன் கேமில் 'பிங்' என்பது, நாம் பட்டனை அழுத்திய தகவல் சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம். அளவு மில்லி செகண்டில். நெட் வேகம் 5ஜி என்றாலும் இந்த நேரத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது, காரணம் தூரம். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். ராயகிரியில் இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. ஆகவே போய்வரக் குறைந்தது 30 மில்லி செகண்ட். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் 7,500 கி.மீ.க்கு மேல், குறைந்தது 75. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் எத்தனையோ இடத்தில் நின்று திரும்புகிறது. எனவே நிஜத்தில் வரும் எண் இதைவிட நன்றாகவே அதிகமாக இருக்கும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சின்ன லாபம் உண்டு. சென்னையில் இருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் நேரடி கேபிள்கள் இருக்கின்றன. 2002ல் போடப்பட்ட ஐ2ஐ கேபிள் அவற்றில் ஒன்று, சுமார் 3,200 கி.மீ. நீளம். ஆகவே சிங்கப்பூர்ப் பக்கம் சர்வர் வைத்திருக்கும் கேம் என்றால் ராயகிரிக்கும் ஓரளவு நல்லதே. சிக்கல் என்னவென்றால் பெரிய பெயர்கள் பலவும் அங்கே இல்லை. 'கில்டு வார்ஸ் 2' சர்வர்கள் வட அமெரிக்கா, ஐரோப்பா என்ற இரண்டே பிரிவுகள். 'ஃபைனல் ஃபேன்டஸி 14' ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, 2022ல் இருந்து ஆஸ்திரேலியா. நம்மூருக்கு எல்லாமே தூரம்தான்.

ஆனால் பிங்கை மட்டும் பார்த்து ஒரு கேமை ஒதுக்கிவிடக் கூடாது. கேம் எவ்வளவு வேகமாக யோசிக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். துப்பாக்கி சுடும் ஆட்டத்தில் 200 மில்லி செகண்ட் தாமதம் என்றால் கதை முடிந்தது. எதிரி சுட்ட பிறகுதான் அவன் வந்ததே நமக்குத் தெரியும். 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' அப்படியில்லை. அந்த உலகம் 0.6 செகண்டுக்கு ஒரு முறைதான் நகர்கிறது. இதை 'டிக்' என்பார்கள். ஒரு டிக் முடிவதற்குள் நம் கட்டளை போய்ச் சேர்ந்தால் போதும். 600 மில்லி செகண்ட் அவகாசம் இருக்கும்போது பிங் 150 ஆனால் என்ன, 250 ஆனால் என்ன? டவர் சிக்னல் இரண்டு கோடாக இறங்கும் வீட்டில் இருந்து ஆடுகிறவருக்கு இதைவிடக் கருணையான ஏற்பாடு கிடையாது. 'ஃபைனல் ஃபேன்டஸி 14' கூட இந்த வகையில் பெருந்தன்மையான கேம்தான். அதில் பெரும்பாலான அடிகளுக்கு நடுவே அடிப்படையாக 2.5 செகண்ட் இடைவெளி உண்டு. அதன் 140 ஜிபிதான் இடிக்கிறது.

ரூன்ஸ்கேப்பின் கதையும் கொஞ்சம் சுவையானது. மூல கேம் 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் வந்தது. வருடம் ஆக ஆக நிறுவனம் அதை மாற்றிக்கொண்டே போக, பழைய ஆட்கள் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். 2013ல் நிறுவனம் ஓட்டெடுப்பு வைத்தது: 2007ல் இருந்த பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவரலாமா? நாலரை லட்சம் அளவுக்கு ஓட்டு விழுந்தது. அப்படி வந்ததுதான் 'ஓல்டு ஸ்கூல்'. இன்றைக்கும் பெரிய மாற்றம் எதுவும் ஆடுகிறவர்களின் ஓட்டெடுப்பைத் தாண்டித்தான் உள்ளே வரும். 2018 அக்டோபரில் போனுக்கு வந்தது. போனில் இருப்பவரும் லேப்டாப்பில் இருப்பவரும் ஒரே உலகத்தில், ஒரே அக்கவுன்டில் ஆடலாம். பார்க்க என்னவோ பழைய சைபர் கஃபே கம்ப்யூட்டரில் வந்த படம் மாதிரிதான் இருக்கும். சென்னைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

எத்தனை மணிக்கு ஆடுவது?

எம்எம்ஓவில் தனியாகச் செய்ய நிறைய இருந்தாலும், பெரிய சண்டைகளுக்குக் கூட்டம் வேண்டும். 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' கேமின் கடினமான ரெய்டுக்கு 20 பேர், ஃபைனல் ஃபேன்டஸியில் வழக்கமாக 8 பேர். இவர்களெல்லாம் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஐரோப்பிய சர்வரில் அங்குள்ள கில்டு ராத்திரி 8 மணிக்கு ரெய்டு வைத்தால், குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு 12.30. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ராத்திரி 8 என்றால் இங்கே மறுநாள் காலை 6.30, கடை திறக்கும் நேரம். சிங்கப்பூர்க்காரர்கள் 8 மணிக்கு உட்கார்ந்தால் இங்கே மாலை 5.30, சென்னைக்காரர் இன்னும் ஆபீஸில்.

இந்த விஷயத்தில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது. வேலைக்குப் போகிறவர் வாரத்தில் மூன்று நாள் அதிகாலை 3 மணி வரை விழித்திருந்து ஆடும் ஆட்டம் பொழுதுபோக்கு இல்லை, இன்னொரு ஷிஃப்ட். அதற்குச் சம்பளமும் கிடையாது. ஆகவே வெளியாட்களின் கில்டு நேரத்துக்கு ஓடாமல், மூவராகவே செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கும் கேம்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம், தினமும் வரச் சொல்லும் கேம்கள். இன்றைய வேலை, இன்றைய பரிசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் ஒரு வைரம் என்று போன் கேம்கள் பலவும் இந்தக் கொக்கியை வைத்திருக்கின்றன. நாற்று நடவு நேரத்தில் உரக்கடைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் கூட்டத்தில் இருக்கும்போது கேமைத் திறக்க முடியாது. ஒரு மாதம் கழித்து வந்தால் மற்ற இருவரும் எங்கேயோ போயிருப்பார்கள், இவர் பின்தங்கியவர். அப்புறம் திரும்ப வரவே மாட்டார்.

இதற்கு விதிவிலக்காக ஒரு கேமைச் சொல்ல வேண்டும் என்றால் 'கில்டு வார்ஸ் 2'. 2012 ஆகஸ்டில் வந்தபோது அதிகபட்ச லெவல் 80. இன்றைக்கும் அதே 80. மூன்று வருடம் கழித்து வந்தாலும் பழைய கவசம் பழசாகிவிடாது. மாதச் சந்தா கிடையாது, அடிப்படை கேம் 2015ல் இருந்து இலவசம். வேலை, குடும்பம் என்று இருப்பவர்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் வேறு பெரிய எம்எம்ஓ அபூர்வம். மூவரிடமும் கம்ப்யூட்டர் இருந்திருந்தால் பேச்சே இல்லை, இதைத்தான் எடுக்கச் சொல்லலாம். இதற்குப் போன் பதிப்பு கிடையாது, அதுதான் குறை.

காசு

வார்கிராஃப்ட்டின் மாதச் சந்தா அமெரிக்க விலையில் 14.99 டாலர். நம் காசில் சுமார் 1,300 ரூபாய். துபாய் சம்பளத்துக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு, ராயகிரிக் கடை வருமானத்துக்கு அப்படியில்லை. அதோடு 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பதற்கு முன்கூட்டியே தகவல், ஒப்புதல் எல்லாம் வேண்டும். அதற்கு ஏற்ப மாறாத வெளிநாட்டு நிறுவனங்களின் சந்தாக்கள் அந்தச் சமயத்தில் அப்படியே நின்றுபோயின. எனவே சந்தா கேம்தான் என்று முடிவானால் மொத்தமாக முன்பணம் கட்டும் வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஃபைனல் ஃபேன்டஸியில் லெவல் 70 வரை கால வரம்பே இல்லாத இலவச ஆட்டம் உண்டு. தனியாகக் கதை ஆடுபவருக்கு இது பெரிய விருந்து. ஆனால் அந்த இலவச அக்கவுன்டால் கில்டில் சேர முடியாது, சந்தைப் பலகையைப் பயன்படுத்த முடியாது. நண்பர்களோடு ஆட வந்தவருக்கு இது கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே உட்கார வைத்த மாதிரி.

நிஜப் பணம் கட்டி நிஜப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்திருக்கிறது. சந்தா கட்டிப் பொழுதுபோக்காக ஆடுவது அந்தக் கணக்கில் வராது. ஆனால் "கேம் தங்கத்தை வித்து காசு பாக்கலாம்" என்று யாராவது டெலிகிராமில் ஆசை காட்டினால் ஒதுங்கிவிட வேண்டும். முக்கியமான எம்எம்ஓக்கள் எல்லாவற்றிலும் அது விதிமீறல், அக்கவுன்டே போய்விடும்.

நாளைக்கும் இருக்குமா?

யாரும் கேட்காத கேள்வி இது. எம்எம்ஓவில் நாம் சேர்க்கும் எதுவும் நம் போனில் இல்லை, சர்வரில் இருக்கிறது. சர்வர் மூடினால் எல்லாம் போச்சு. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2012 நவம்பரில் மூடியது. அமேசானின் 'நியூ வேர்ல்டு' 2021ல் வந்தபோது ஒரே நேரத்தில் 9 லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். நான்கே வருடத்தில், 2025 அக்டோபரில், இனி அதில் புதிதாக எதுவும் வராது என்று நிறுவனமே சொல்லிவிட்டது. நிறுவனங்களுக்குள் ஒப்பந்தம் முறிந்ததால் 2023 ஜனவரியில் சீனா முழுக்க வார்கிராஃப்ட் சர்வர்கள் அணைந்தன. திரும்ப வர 2024 ஆகிவிட்டது.

இந்தியாவில் வேறு ஆபத்தும் உண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடைபட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2022 பிப்ரவரியில் 54 செயலிகள் தடை செய்யப்பட்டபோது ஃப்ரீ ஃபயர் பற்றி மட்டும்தான் பேச்சு ஓடியது. அதே பட்டியலில் 'ஈவ் எக்கோஸ்', 'கான்குவர் ஆன்லைன்' என்ற எம்எம்ஓக்களும் இருந்தன. 'ஈவ் எக்கோஸ்' என்பது ஐஸ்லாந்து நிறுவனத்தின் புகழ்பெற்ற விண்வெளி கேமான 'ஈவ் ஆன்லைன்' உலகத்தைப் போனுக்குக் கொண்டுவந்தது. உருவாக்கியதில் சீனாவின் நெட்ஈஸுக்குப் பங்கு. கம்ப்யூட்டரில் ஈவ் ஆடியவருக்குக் கப்பல்கள் அப்படியே இருந்தன. போனில் ஆடியவருக்கு ஒன்றரை வருட உழைப்பு ஒரு அறிவிப்பில் போனது. கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாமல் போனில் ஆடியவருக்குத்தான் இங்கேயும் அடி விழுந்தது. எனவே போன் கேம் எடுக்கும்போது யார் உருவாக்கியது, யார் நடத்துகிறார்கள் என்று ஒரு நிமிடம் தேடிப் பார்ப்பதில் தப்பில்லை.

அப்போ எதைத்தான் எடுக்கிறது?

இந்த மூவருக்கு மிஞ்சுவது இரண்டு. ஒன்று ஏற்கெனவே சொன்ன ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். இன்னொன்று 'ஆல்பியன் ஆன்லைன்'. பெர்லின் நிறுவனத்தின் தயாரிப்பு, 2017ல் வந்தது, 2019ல் இலவசமானது, 2021ல் போனுக்கு வந்தது. 2023ல் ஆசியாவுக்கென்று தனி சர்வரும் திறந்தார்கள். போன், லேப்டாப் எல்லாம் ஒரே உலகம்.

ஆல்பியனில் கத்தி, கவசம் என்று ஏறக்குறைய எல்லாப் பொருளும் ஆடுகிறவர்களே செய்தவை. ஒருவர் மரம் வெட்டுவார், ஒருவர் உலை போடுவார், ஒருவர் ஒரு ஊரில் மலிவாக வாங்கி இன்னொரு ஊரில் விற்பார். ஆனால் சிவப்பு, கறுப்பு மண்டலங்களில் யாராவது நம்மை அடித்துக் கொன்றால் உடம்பில் இருப்பதெல்லாம் அவருக்குப் போய்விடும். அங்கே பிங் அதிகமாக இருப்பவர் பாடு திண்டாட்டம். நீல, மஞ்சள் மண்டலங்களில் அந்தப் பயம் இல்லை. உரக்கடைக்காரருக்கு இதில் ஒரு தனி இடம் காத்திருக்கிறது. எந்தச் சரக்கு எப்போது ஏறும், எதை எவ்வளவு வாங்கிப் போட வேண்டும் என்று நாள் முழுக்க யோசிக்கிறவர் சந்தை வேலையை எடுத்துக்கொண்டால், கேமிங் லேப்டாப்காரர் இவரிடம் கை நீட்டிக் கவசம் வாங்கும் நிலை வரும். வியாபாரத்துக்குப் பிங் தேவையில்லை.

இரண்டில் ஒன்று என்றால் ரூன்ஸ்கேப்பில் தொடங்குவதே சரி. காரணம் கிராஃபிக்ஸோ கதையோ அல்ல, முன்பு சொன்ன 0.6 செகண்ட்தான். மீன் பிடித்துக்கொண்டே, மரம் வெட்டிக்கொண்டே பேசலாம். பேச்சு முக்கியம், ஏனென்றால் துபாயில் வாட்ஸ்அப் கால் பொதுவாகப் போகாது. கேமுக்குள் தட்டச்சு செய்து பேசுவதுதான் அங்கே சிக்கலில்லாத வழி. அதன் இலவசப் பகுதி சின்னதுதான், சில மாதங்களில் அலுத்துவிடலாம். அப்போது சந்தாவா, ஆல்பியனா என்று மூவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். இந்த முறை ராயகிரிக்காரர் கட்டைவிரல் போடாமல் வாய் திறந்து பேசுவார்.

சென்னைக்காரரின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு லட்சம் கொடுத்து லேப்டாப் வாங்கியவர் சதுரம் சதுரமாகத் தெரியும் கோழியைத் துரத்துவது கொஞ்சம் கொடுமைதான். அவர் ஃபைனல் ஃபேன்டஸியை விட வேண்டியதில்லை. 2010ல் படுதோல்வி அடைந்து, சர்வரையே மூடி, 2013ல் புதிதாகக் கட்டி எழுப்பிய கேம் அது. தனியாக ஆடவும் அருமையானது. வார நாள்களில் அதை ஆடட்டும். சனிக்கிழமை ராத்திரி மட்டும் மற்றவர்களுக்கு.

முதல் சோதனையை இப்படி வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை இந்திய நேரம் ராத்திரி 10 மணி. கடை மூடியாகிவிட்டது, சென்னையில் சாப்பாடு முடிந்தது, துபாயில் 8.30. ராயகிரிக்காரர் பக்கத்து வீட்டு வைஃபையில் இல்லாமல் தன் சொந்த டேட்டாவில் வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் அவருக்கு லைன் அறுந்தால் அந்த கேம் வேண்டாம், அடுத்த சனிக்கிழமை அடுத்தது. ஆல்பியன் என்று முடிவானால் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தொடங்கும்போதே மூவரும் ஆசிய சர்வரைத்தான் அழுத்த வேண்டும். ஒரு சர்வரில் வளர்த்த கேரக்டரை இன்னொன்றுக்கு எடுத்துப்போக முடியாது. அவசரத்தில் ஒருவர் ஐரோப்பாவை அழுத்திவிட்டால், "எல, எங்க இருக்க, ஊர் வாசல்லதான நிக்கேன்" என்று மூவரும் ராத்திரி முழுக்க வெவ்வேறு உலகத்தில் நின்று தேடிக்கொண்டிருப்பார்கள்.